எலிகள் பார்த்த இடம்

கதவைத் திறந்ததும் எலிகள் ஓடி வரவில்லை. வழக்கமாக றமணனுடைய காலடி படியில் கேட்டாலே போதும், அந்தச் சின்ன அறைக்குள் அடுக்கியிருக்கும் பிளாஸ்ரிக் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் சலசலப்புத் தொடங்கும். மரத்தூளைக் கிளறிக்கொண்டு முன்பக்கம் வந்து, கம்பி வலைக்குள் மூக்கை நுழைத்து, எங்கே சாப்பாடு என்று கேட்காத குறையாக நிற்கும். இப்போது எல்லாம் பின்பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. சின்னச் சத்தம்கூட இல்லை.

லண்டனில், செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த அவர்களுடைய வீட்டின் மாடியில், கட்டில் ஒன்று ஒழுங்காகப் போடமுடியாத அறை அது. றமணன் வயரிங் வேலை செய்பவன். வேலைக்குப் போன வீடொன்றில் ஆரோ கைவிட்டுப் போயிருந்த செம்மஞ்சள் பாம்பைப் பாவம் பார்த்துக் கொண்டுவந்ததில் தொடங்கியது எல்லாம். விசமில்லாத சாதி, ஒரு தோட்டக் குழாய் அளவு தடிப்பு. அதற்கு எலி வேண்டும், ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓட ஏலாது என்று எலியையும் வீட்டிலேயே வளர்த்தான். "பாம்பும் வந்திட்டுது, எலியும் வந்திட்டுது, இனி ஒரு கீரியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, குடும்பம் நிறையட்டும்," என்றாள் மனைவி பிரசாந்தினி. வளர்ந்த எலிகளை நோகாமல் கொன்று பிரீசரில் வைத்து, வேண்டியபோது சுடுதண்ணீரில் இளக்கிப் பாம்புக்குக் கொடுப்பான். ஆறு வயது மகள் கௌசிக்குப் பெட்டிக்குள் ஓடித்திரியும் எலிகளை மட்டும் காட்டுவான்.

தலை முழுகாமல் உள்ளே வந்தது பிழைதான், அது அவனுக்கும் தெரியும். தில்லையம்பலம் அண்ணையை எரித்துவிட்டு வந்த உடுப்பு இன்னும் உடம்பில் இருந்தது. "ஒண்டையும் தொடாமல் நேர பாத்ரூமுக்குப் போங்கோ," என்று பிரசாந்தினி வாசலில் வைத்தே சொல்லித்தான் மேலே அனுப்பினாள். ஆனால் காலை அவசரத்தில் எலிகளுக்குத் தண்ணீர் வைக்க மறந்துவிட்டான். தண்ணீர் இல்லாவிட்டால் தாய் எலிக்குப் பால் வற்றும். பால் வற்றினால் குட்டிகளைத் தின்றுவிடும். இரண்டு நிமிட வேலைதானே என்று நினைத்தான்.

தில்லையம்பலம் அண்ணைக்கு ஆருமில்லை. பிரான்சில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு லண்டனுக்கு வந்த தனிக்கட்டை, றமணனோடு வயர் இழுக்க வருவார். "எனக்குப் பிள்ளையே குட்டியே? நான் செத்தால் நீதான்டாப்பா பட்டனை அமத்தவேணும்," என்று சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வந்து, கௌசி படம் கீறுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எழும்பிப் போக மனம் வராது. சவப்பெட்டி தூக்க ஆள் காணாமல் றமணனே இடது தோளைக் கொடுத்தான். ஐயர் சொல்லச் சொல்ல, மகன் செய்யவேண்டியதை எல்லாம் செய்து, கடைசியில் பெட்டியை எரிசூளைக்குள் அனுப்பும் பட்டனையும் அமத்தினான். அமத்தும்போது அழுகை வந்துவிட்டது.

தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பி மாட்டிய பிறகும் எலிகள் அசையவில்லை. குனிந்து பார்த்தான். கறுப்பு மிளகு போன்ற அந்தக் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவனை அல்ல. அவனுடைய இடது காதுக்குக் கொஞ்சம் மேலே. திரும்பிப் பார்த்தான். சுவர், சுவிட்ச், தொங்கிக்கொண்டிருந்த பழைய ஜக்கெற். முதலில் சிரிப்புத்தான் வந்தது. இடப்பக்கம் ஓரடி நகர்ந்தான், கண்களும் நகர்ந்தன. பிறகு, ஏன் செய்தானோ தெரியாது, சட்டென்று நிலத்தில் குந்தினான்.

கண்கள் உடனே இறங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, ஆறுதலாக, மெல்ல மெல்ல இறங்கின.

அதற்குப் பிறகு நன்றாகத்தான் முழுகினான், தோல் சிவக்கும் மட்டும் சுடுதண்ணீரில் நின்றான். பிரசாந்தினி ஈரத்தலையைப் பார்த்தாள், மரத்தூள் ஒட்டியிருந்த கறுப்புக் காற்சட்டையையும் பார்த்தாள்.

"செத்தவீட்டால வந்து முழுகாமல் அதுகளிட்டைப் போனனீங்கள், என்ன?"

"தண்ணி வைக்கத்தானப்பா போனனான்."

"நல்லாயிருக்கு. பச்சைக் குட்டிகள் கிடக்கிற இடத்தில," என்றவள், அவனுடைய உடுப்பைத் தடியால் எடுத்துப் பைக்குள் போட்டுக் கட்டினாள்.

அந்தக் கிழமை ஒரு பெட்டியிலும் குட்டி மிஞ்சவில்லை. தண்ணீர் இருந்தது, சாப்பாடு இருந்தது, தாய் எலிகள் கொழுத்துத்தான் இருந்தன. ஆனால் அவன் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து, பிறந்து மயிர் முளைக்காத இளஞ்சிவப்புக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைப்பக்கமிருந்து கடிக்கத் தொடங்கின. பசிக்குத் தின்பதாகத் தெரியவில்லை. எதனிடமோ கொடுக்க மனமில்லாமல் முடித்துவிடுவதாகத் தெரிந்தது. பாம்பும் இளக்கி வைத்த எலியைத் தொடவில்லை. இமையில்லாத அதன் கண்ணும் அவனுடைய காதுக்கு மேலே நின்றது. இடது தோள் கொதித்தது. பெட்டி தூக்கிய பிடிப்பு என்று தைலம் பூசினான். பூசின விரலுக்குத் தோள் குளிர்ந்துபோய் இருந்தது.

பிரசாந்தினி விடவில்லை, ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அருச்சனை செய்தார்கள், ஐயர் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். திரும்பி வரும்போது ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு கைக்குழந்தை தாயின் மடியில் சிரித்துக்கொண்டிருந்தது. றமணன் உட்கார்ந்ததும் அது அவனுடைய காதுக்கு மேலே பார்த்தது. பிறகு ரயில் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. தாய் மன்னிப்புக் கேட்டாள். றமணன் எழும்பிக் கதவடியில் போய் நின்றான்.

சனிக்கிழமை பிரசாந்தினிக்கு முதியோர் இல்லத்தில் நீண்ட ஷிப்ட், அங்கே போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் வேலை. மார்கழி மாதத்து லண்டன், நாலு மணிக்கே வெளிச்சம் வடிந்து, எதிர்வீட்டுச் சாளரங்கள் மஞ்சளாகி, ஹீற்றர் குழாய்கள் சுவருக்குள் டொக் டொக்கென்று தட்டத் தொடங்கியிருந்தன. கௌசி இரண்டு நாளாக அவனுக்குக் கிட்ட வருவதில்லை. முன்னறையில் சோபாவின் அந்தத் தொங்கல் முனையில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"அம்மாச்சி, பால் குடிக்கிறியே?" என்று மகளைக் கேட்டான்.

"ம். அங்க வையுங்கோ. நான் எடுக்கிறன்."

"ஏன், அப்பாட்டை வரமாட்டியோ?"

அவள் நிமிர்ந்தாள். அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே. பார்த்துவிட்டு, கவனமாக, பென்சிலைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளி இருந்தாள். பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு ஒதுங்குவதைப் பார்க்க ஏலாமல், பாலை மேசையில் வைத்துவிட்டு விலகினான்.

பாம்பு ஏதாவது தின்னுமா என்று பார்க்க மேலே போனான். எலிகளின் அறையிலேயே இருந்த அதன் பெட்டியின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து வைத்தான். பக்கத்தில் கிடந்த எலிப் பெட்டியின் மூடியையும் துப்புரவாக்க எடுத்தான். அந்தக் கணத்தில் தாய் எலி ஒன்று பாய்ந்தது. வாயில் ஒரு குட்டி, காலையில் பிறந்தது. கதவுப் பக்கம் ஓடவில்லை, பெட்டி அடுக்குக்குப் பின்னால் ஒளியவில்லை. நேரே பாம்பின் பெட்டிக்குள் ஏறியது.

சுருண்டு கிடந்த பாம்பின் மடிப்புக்குள் குட்டியை வைத்தது. திரும்பி வந்தது. அடுத்ததைத் தூக்கியது. வைத்தது. இன்னொன்று. பாம்பு வாயைத் திறக்கவில்லை. மடிப்பைக் கொஞ்சம் இறுக்கி இடம் கொடுத்தது. கடைசியில் தாயும் உள்ளே போய்ப் பாம்பின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. எல்லாம் சேர்ந்து அவனுடைய காதுக்கு மேலே பார்த்தன.

பாம்பை விடப் பயமான ஒன்று. அவனோடு. அவன்மேல்.

படியால் விழாத குறையாக இறங்கினான். பிரசாந்தினிக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப அடித்தான். வேலைக்குப் போகும் வான் வண்டிக்குள் போய் இருப்போம், அவள் வரும் மட்டும் ரோட்டிலேயே நிற்போம், இதைப் பிள்ளைக்குக் கிட்ட வைத்திருக்கக்கூடாது என்று நினைத்து வாசற்கதவைத் திறந்தான். குளிர் முகத்தில் அடித்தது. ஆறு வயதுப் பிள்ளையைத் தனிய விட்டுவிட்டு எப்படிப் போவது? போகவும் ஏலாது. நிற்கவும் ஏலாது. கடவுளே, நான் என்ன செய்ய?

கதவைச் சாத்தினான். "கௌசி?"

சோபாவில் அவள் இல்லை. பென்சில் மட்டும்.

"கௌசி!"

மேலே, அந்த அறையில், பாம்புப் பெட்டியோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளும் அங்கேதான் ஓடியிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பாம்பு, எலி, குட்டிகள். சுற்றிவரப் பெட்டிகளில் அத்தனை கண்கள். அவளுடையதும் சேர்த்து.

"அப்பா, உள்ள வராதேங்கோ."

"வரேல்லையம்மா. இஞ்சதான் நிக்கிறன்."

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தோள் விட்டுப்போகுமாப்போல நொந்தது. தில்லையம்பலம் அண்ணையின் பெயரை எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தான்.

"அண்ணை, உங்களுக்கு ஆருமில்லை, எனக்குத் தெரியும். என்னோடையே இருங்கோ. நான் சாகும் மட்டும் சுமக்கிறன். அவள் சின்னப் பிள்ளை அண்ணை. கெஞ்சிக் கேக்கிறன், அவளிட்டைப் போகாதேங்கோ."

ஹீற்றர் குழாய் ஒரு தரம் தட்டியது. நின்றது.

தோள் லேசானது.

ஒரு கிழமையாகக் கிடந்த பாரம் கழன்று, கழுத்து இளகி, அவன் கேளாமலே உடம்பு ஒரு பெருமூச்சு விட்டது. அந்தச் சுகம் தெரிந்ததும்தான் என்ன கழன்றது என்று அவனுக்கு விளங்கியது.

கண்கள் நகர்ந்தன. ஆறுதலாக. எல்லாம் ஒன்றாக. அறையின் நடுவால் எதுவோ நடந்து போகிறது.

பாய்ந்தான். குறுக்கே நின்றான். கைகளை விரித்தான், காற்றைக் கட்டிப் பிடித்தான், "என்னட்டை வாங்கோ, என்னட்டை வாங்கோ," என்று கத்தினான். கைக்குள் ஒன்றும் இல்லை. கண்கள் அவனைத் தாண்டிப் போயின. கௌசிக்குக் கிட்ட. கௌசிக்கு மேல்.

அங்கே நின்றன.

அவளுடைய இடது தோள் கொஞ்சம் கீழே இறங்கியது.

ஓடிப் போய் அவளைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். தினமும் ஒற்றைக் கையால் தூக்குகிற பிள்ளை. தூக்க ஏலவில்லை. இரண்டு கையாலும், முழுப் பலத்தோடும் இழுத்தான். பாதம் நிலத்தை விட்டு எழும்பவில்லை. அவள் அழவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. மேலே இருப்பவர் விழுந்துவிடக்கூடாது என்பதுபோல், தன் நெஞ்சுக்கு முன்னால் எதையோ இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முழங்கால் நடுங்க, ஓரடி எடுத்து வைத்தாள். கம்பளத்துக்குக் கீழே பலகை, பாரமான ஆள் மிதித்ததுபோல், நீளமாக முனகியது.