பதினேழு மணி

ஹமாசே ஸ்டேஷனின் மேற்கு வாசலில் ஷிகேயா வந்து நின்றபோது மாலை நாலரை. நவம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும், உள்ளே நுழையும்போது கை தானாகத் தொப்பியைச் சரிசெய்யப் போனது. தலையில் வழுக்கை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் காலை பழைய கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள். கடைசியாக அளவெடுக்க வந்த பொறியாளர் ரிட்சுகோ, மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டிருந்தாள்.

“கூரைக்கு என்னங்க ஐயா ஆச்சு? வரைபடத்துல குவிமாடம் இருக்கு. மேல பார்த்தா தகரம்!”

“போர்ல குண்டு விழுந்து குவிமாடம் எரிஞ்சு போச்சு. தற்காலிகமாத்தான் தகரம் போட்டாங்க. அந்தத் தற்காலிகம் எழுபத்தேழு வருஷமா ஓடுது.”

அவள் சிரித்தாள். அது எட்டு மூலைக் கூடம். எட்டுப் பக்கமும் உயரமான ஜன்னல்கள், நட்டநடுவில் கடிகாரத் தூண். எந்த வாசலில் நுழைந்தாலும் முதலில் மணி கண்ணில் படவேண்டும் என்று கட்டியவர் நினைத்திருக்கிறார். ஊரில் யார் யாரைச் சந்திப்பதென்றாலும் அந்தத் தூணடிதான். ஷிகேயா மட்டும் முப்பத்தெட்டு வருஷமாக அதன் அடியில் நின்றதில்லை. சுற்றிக்கொண்டு போவார்.

“இந்த மரத்தடுப்பு வரைபடத்துல இல்லையே. பின்னாடி என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா.”

சொன்ன வேகத்திலேயே பொய் என்று தெரிந்துவிட்டது. ரிட்சுகோ கம்பியை விட்டு நெம்பினாள். தடுப்பு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே ஒரு கரும்பலகை.

செல்போன் வராத காலத்தில், சந்திக்க முடியாமல் போனவர்கள் சாக்பீஸால் சேதி எழுதிவிட்டுப் போன பலகை அது. ஓரத்தில் எழுதிய மணி, பக்கத்தில் சேதி. எழுதி ஆறு மணி நேரம் ஆனதை ஊழியர் அழித்துவிட வேண்டும். தினமும் மாலை அந்த வேலை ஷிகேயாவுடையது. அடுத்தவர் சேதியைப் படிப்பது ரயில்வேக்காரனுக்கு அழகல்ல என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால் மணியை மட்டும் பார்ப்பார். விரலை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டுவார், பலகையைக் காட்டுவார், “ஆறு மணி நேரம் ஆச்சு. சரி!” என்று உரக்கச் சொல்லிவிட்டுத் துடைப்பார். விரல் நீட்டி வாய்விட்டுச் சொன்னால் தவறே வராது என்பது அவர்கள் தொழிலின் நம்பிக்கை.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் அந்தப் பலகையை மூடினார்கள். சுத்தமாகத் துடைத்து, பக்கத்தில் நின்று, ஆணி அடிக்க வைத்தவரும் அவர்தான்.

இப்போது அதில் ஒரு வரி இருந்தது.

*5:00. அண்ணா, தூண்கிட்ட நிக்கிறேன். கோபம் போயிருந்தா வா. சாயோ.*

“யாருங்க ஐயா சாயோ?”

 ஷிகேயா பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“என் தங்கச்சி. அப்பா அம்மா போனப்புறம் நான்தான் வளர்த்தேன். தீவுல மீன் பிடிக்கிறவனைக் கட்டிக்கிட்டா. எனக்குத் தங்கச்சியே இல்லன்னு சொல்லிட்டேன். மூணு வருஷம் பேச்சே இல்ல. அப்புறம் ஒருநாள் அவளே வந்திருக்கா. வேலை பார்க்கிற இடத்துல வந்து கூப்பிட பயம். பலகையை நான்தானே அழிப்பேன், கண்டிப்பா என் கண்ணுல படும்னு எழுதி வச்சிருக்கா.”

“நீங்க பார்க்கலையா?”

“மணியைப் பார்த்தேன். அஞ்சுன்னு போட்டிருந்தது. எங்களுக்குச் சாயங்காலம் அஞ்சுன்னா பதினேழும்மா. வெறும் அஞ்சுன்னா விடிகாலைதான். பன்னெண்டு மணி நேரம் பழசுன்னு நினைச்சு, ‘சரி’ன்னு சத்தமாச் சொல்லி அழிச்சேன். அவ எழுதி இருபது நிமிஷம்கூட ஆகல.” அவர் தூணைக் காட்டினார். “அங்க நின்னு பார்த்துட்டே இருந்திருக்கா. பத்திரிகைக் கடைக்காரம்மா அப்புறமாச் சொன்னாங்க. பேசாம சாயங்காலப் படகுல ஏறிட்டாளாம். அன்னைக்குப் புயல். படகு போய்ச் சேரல. உடம்புகூடக் கிடைக்கல.”

ரிட்சுகோ எழுத்தை லேசாகத் தொட்டாள். விரலில் வெள்ளை ஒட்டியது.

“ஐயா, இது ஈரமா இருக்கு.”

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கேமரா எடுத்துவருகிறேன் என்று வண்டிக்கு ஓடினாள்.

ஷிகேயா தூணை நோக்கி நடந்தார். கடிகாரத்துக்கு மின்சாரத்தைக் காலையிலேயே துண்டித்திருந்தார்கள். ஆனாலும் முள் நகர்ந்து ஐந்தில் வந்து நின்றது.

தகரக் கூரைமேல் மழைச் சத்தம் அடங்கியது.

உப்பு வாடை வந்தது.

சளக். சளக். ஈரச் செருப்பின் சத்தம்.

அது அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

“அண்ணா.”

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் முப்பத்தெட்டு வருஷம் ஏங்கினார். திரும்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் இத்தனை வருஷம் கடலில் கிடந்த முகம் எப்படியிருக்கும் என்ற நினைப்பு வந்துவிட்டது. கழுத்து அசையவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அது காத்திருந்தது.

பிறகு, சளக் சளக் என்று, மெல்ல விலகிப் போனது.

ரிட்சுகோ திரும்பி வந்தபோது பலகை வெறுமையாக இருந்தது.

“நீங்களா ஐயா அழிச்சீங்க?”

“ஆமாம்மா,” என்றார் ஷிகேயா. “இன்னொரு தடவையும் நான்தான் அழிச்சேன்.” வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் தூணும் போனது, பலகையும் போனது. இரண்டு வருஷத்தில் புதிய ஸ்டேஷன் எழுந்தது. சுவரெல்லாம் கண்ணாடி, எங்கு நின்றாலும் கடல் தெரியும். அதில் தூண் கிடையாது. தூண் இருந்த இடத்தை மனதாலேயே அளந்து, ஷிகேயா தினமும் ஐந்து மணிக்கு அங்கே போய் நின்றார். தினமும் திரும்பிப் பார்த்தார். வேலை முடிந்து போகிறவர்கள் கிழவருக்கு மறதி நோய் போலிருக்கிறது என்று ஒதுங்கிப் போனார்கள். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

அடுத்த நவம்பரில் ஒருநாள், அவர் வழக்கம்போல் ஐந்து மணிக்கு வந்தபோது, துப்புரவு செய்யும் அம்மாள் கண்ணாடிச் சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“எவ பார்த்த வேலையோ! தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் தேயுது, எழுத்து போக மாட்டேங்குது. வெளியேயும் துடைச்சுப் பார்த்துட்டேன்.”

அது இரட்டைக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில், விரல்கூட நுழையாத இடைவெளியில் பனி பூத்திருந்தது. அந்தப் பனியில் யாரோ எழுதியிருந்தார்கள்.

*17:00. அண்ணா, இங்கதான் நிக்கிறேன்.*

ஷிகேயா அதை இரண்டு தடவை படித்தார். அண்ணன் இந்தத் தடவை ஏமாந்துவிடக் கூடாதென்று, அவள் ரயில்வே மணியை எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து நின்றார். விரலை நீட்டி வாசலுக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டினார், கண்ணாடியைக் காட்டினார்.

“பதினேழு மணி. ஆறு மணி நேரம் ஆகல.” உரக்கச் சொன்னார். “சரி!”

பின்னால், சளக்.

அவர் உடனே திரும்பினார். யாரும் இல்லை. பளபளத்த தரையில், அவர் காலை ஒட்டி, இரண்டு சின்ன ஈரத் தடங்கள் மட்டும் அவரைப் பார்த்து நின்றன.

“அடடா, இங்கேயும் தண்ணியா!” என்று அந்த அம்மாள் துடைக்கும் துணியோடு வந்தாள்.

ஷிகேயா கையை விரித்துக் குறுக்கே நின்றார்.

“துடைக்காதீங்கம்மா. இப்பத்தான் வந்திருக்கா.”