கீழ்ப்பெட்டிக் கீரை

கம்ப்ரஸர் பத்திரப்படுத்தும் கொத்தமல்லிக்குத் தான் பறிக்கப்பட்ட சேதியே தெரியாது. சொன்னது வேறு யாருமில்லை, கம்ப்ரஸரேதான். முப்பத்தெட்டு வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழில் கொடுத்த பட்டப்பெயரைப் பதக்கம் போலக் குத்திக்கொண்டு திரிகிறவர். அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்ப்பெட்டியில் வைத்த புதினா ஒரு சமயம் உள்ளேயே பூத்துவிட்டதாம். திறந்ததும் தேனீ ஒன்று ஸ்வெட்டர் கேட்டுக்கொண்டு வெளியே வந்ததாம். தெருவே சிரித்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருஷம் குழாயும் குப்பியுமாக இருந்த அம்மாள், கண்ணால் பார்க்காமல் சூரியன் உதித்ததைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்.

"தேனீ எங்க? காட்டுங்க" என்றார். அத்தோடு கதை முடிந்தது.

ஆகவே வியாழக்கிழமை காலையில் அதே பெட்டியைத் திறந்து, கொத்தமல்லிக் கட்டின் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்ததைப் பார்த்தபோது, கம்ப்ரஸர் யாரிடமும் பெருமையடிக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கட்டை உருவி, சட்டைக்குள் மறைத்து, குப்பைத் தொட்டியின் அடியில் திணித்து, மேலே பழைய செய்தித்தாளைப் போட்டார். பிறகு கை கழுவினார். இரண்டு தடவை.

எலி கடித்திருக்கலாம் என்று வேறொரு வீட்டில் நினைத்திருப்பார்கள். இந்தப் பெட்டிக்குள் எலி போகாது. அதை அவரே மாற்றிக் கட்டியிருந்தார். சுற்றிலும் ரப்பர் பட்டை, முன்பக்கம் இரும்புக் கொண்டி, ஈரம் வெளியேற முகப்பில் கட்டைவிரல் அளவு ஓர் ஓட்டை. உள்ளே எப்போதும் நான்கு டிகிரி. எறும்பு நுழைய வேண்டுமென்றால்கூட அவரிடம் மனு போட வேண்டும். உள்ளிருந்து எதுவும் வெளியேற முடியாது என்பதையும் சேர்த்துத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் பேத்தியின் முயல்களால் வந்தது. வெள்ளையாக இருந்தது பஞ்சு. வெள்ளையில் கறுப்புப் புள்ளி தெளித்தது மிளகு. மகளும் மருமகனும் ஒன்பது வயதுப் பேத்தியும் பன்னிரண்டு நாள் வெளியூர் போனார்கள். போகும்போது பேத்தி ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கித் தழை, கேரட் தழை. பசலை கொஞ்சம்தான். இரண்டு நாளைக்கு ஒரு முறை புதிதாக வாங்க வேண்டும்.

"ரெண்டு நாளா?" கம்ப்ரஸர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உன் தாத்தாவை அவமானப்படுத்தறியே கண்ணு. ஒரே தடவை வாங்கறேன். பன்னெண்டு நாளும் அதையே குடுக்கறேன். கடைசி நாள் கீரை முதல் நாள் கீரையைப் பாத்து, ஏன்டா வாடிட்டேன்னு கேக்கும், பாரு."

"பந்தயமா தாத்தா?"

"பந்தயம்."

"மிளகுக்கு வயித்து வலி வந்துரக் கூடாது. அதுக்கு வந்தா சொல்லத் தெரியாது."

"வந்தா எனக்குத் தெரியாதா?" என்றார் அவர்.

தேர்ந்தெடுப்பதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் போய், கட்டுக் கட்டாகக் காதருகே வைத்துத் தண்டை ஒடித்துப் பார்த்தார். பட்டென்று சத்தம் வர வேண்டும். வெட்டுவாய் பழுத்திருந்தால் ஒதுக்கினார். கடைக்காரர் தண்ணீர் தெளித்து மினுக்கி வைத்திருந்த கட்டுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதெல்லாம் அழுதுவிட்டு முகம் கழுவி வந்த கீரை என்பது அவர் கட்சி. வீட்டில் அலசி, விசிறிக்குக் கீழே பரப்பி, ஈரம் போனதும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி அடுக்கினார். அங்கேதான் தப்பு நடந்தது. பன்னிரண்டு நாள் கீரையை ஒரே பெட்டியில் அழுத்தி அடைத்தார். கீரைக்கும் மூச்சு விட இடம் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர்.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, அம்மாள் ஓர் இரவு தங்கத் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அடியிலிருந்த கட்டை உருவினார். நான்கு டிகிரிக்குள் இருந்த கட்டு, நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, வழுவழுவென்று, தேங்கிய தண்ணீர் வாடை. எறிந்திருக்கலாம். கடைக்கு நான்கு நிமிஷ நடை. ஆனால் பந்தயம் இருக்கிறதே. கெட்டதைக் கிள்ளிப் போட்டு, நல்லதாகத் தெரிந்ததை அலசி வைத்தார். பஞ்சு முகர்ந்துவிட்டு விலகியது. மிளகு தின்றது.

அன்று மாலையே மிளகு போய்விட்டது. வெயில் தாங்கவில்லை, ஒரு நொடியில் போய்விட்டது, அதற்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று மறுநாள் தொலைபேசியில் பேத்தியிடம் சொன்னார்.  எதிர்முனையில் சின்னக் குரல்: "நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே தாத்தா?"

"இருந்தேன் கண்ணு."

 வாழ்நாளில் லட்சம் பொய் சொல்லியிருப்பார். அத்தனையும் அடுத்தவரைச் சிரிக்க வைக்கச் சொன்னவை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன முதல் பொய் இது. இது தெரிந்தாலும் அவள் தாத்தா என்று கூப்பிடுவாள், வாய் கூப்பிடும். ஆனால் இனி ஒரு சின்னப் பூச்சியைக்கூட அவர் கையில் கொடுக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் திரும்புகிறார்கள். அதற்குள் பெட்டி இப்படி.

வியாழன் மதியம் புதுக் கொத்தமல்லி வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டியைப் போட்டார். மூன்று மணிக்கு அம்மாள் கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஜன்னல் வழியே வெயில் தரையில் சாய்ந்து கிடந்தது. குழாய் சொட்டவில்லை, விசிறி சுற்றவில்லை. ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் ஏறி, ஒரு குலுக்கலோடு நின்றது. கம்ப்ரஸரின் காது அந்த உறுமலுக்குப் பழகியது. நின்ற பிறகு மிஞ்சும் அமைதியும் அவருக்குப் பழக்கம். அந்த அமைதிக்குள்தான் மெல்லிய, அவசரமில்லாத, சின்னச் சின்னப் பற்கள் பச்சைத் தண்டை நறுக்கிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது.

கருக் கருக் கருக்.

நின்றது.

கருக் கருக்.

அவர் பின்னறைக்குப் போய்க் கூண்டைப் பார்த்தார். பஞ்சு தின்னவில்லை. சமையலறைச் சுவரைப் பார்த்தபடி, காதுகளை நிமிர்த்தி, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மாலையில் இலைகளில் மறுபடி அரைவட்டம். அவர் மறுபடி குப்பைத் தொட்டிக்கு. மறுபடி கடைக்கு. கடைக்காரர், "என்ன சார், வீட்ல ஆடு வாங்கிட்டீங்களா?" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் கம்ப்ரஸர் சில்லறையை வைத்துவிட்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அம்மாள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டார். இரண்டு கட்டுக் கொத்தமல்லி தரையில் கிடந்தது.

"என்னங்க இது?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறைக்கும் தெம்பு போய்விட்டது.

"மிளகு ஒரு நொடியில சாகல" என்றார். "வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்துச்சு. டாக்டர்கிட்ட போகலாம்னு நினைச்சேன். என்ன குடுத்தீங்கன்னு கேப்பாரு. பாப்பாகிட்ட சொல்லிடுவாரு. விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு இருந்தேன். அப்பறம் அசைவு இல்ல. மூச்சு இல்ல."

"சரி. போயிடுச்சு."

"போயிடுச்சுன்னு நினைச்சேன். பாப்பா வந்து முகம் பாக்கட்டும், அதுவரைக்கும் கெடாம இருக்கட்டும்னு, துணியில சுத்தி, கீரைக்கு நடுவுல வெச்சேன். கீழ்ப்பெட்டியில. கொண்டியப் போட்டேன்."

அம்மாள் அவரையே பார்த்தார்.

"செவ்வாக்கிழமை காலையில திறந்தேன். துணி விலகிக் கெடந்துச்சு. அது திரும்பியிருந்துச்சும்மா. ஓட்டைப் பக்கமா. மூக்கு ஓட்டையில ஒட்டியிருந்துச்சு. சுத்தி இருந்த கீரையெல்லாம் கொறிச்சிருந்துச்சு." அவர் குரல் உடைந்தது. "அதே அழுகின கீரைய. வேற ஒண்ணும் இல்லையே அதுக்கு. அப்ப நிஜமாவே போயிருந்துச்சு. பின்னால சுவத்துகிட்ட பொதைச்சேன். இப்ப பெட்டிக்குள்ள திரும்பவும் சாப்பிடுது."

"தேனீ வந்த கதையா இது?"

"என்னை நம்பு."

"எதை நம்ப? நாப்பது வருஷமா நீங்க சொன்னதுல நான் நம்பினது உங்க பேரு ஒண்ணுதான்." ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை. "செத்த உடம்பு விறைக்கும்போது கொஞ்சம் அசையும். கீரை அழுகினா தானா ஓட்டை விழும். செஞ்ச தப்பு உங்கள உறுத்துது. உறுத்தறது காதுல கேக்குது. அவ்வளவுதான்."

எழுந்து போய்ப் பரிசோதனைக்கூடத்துக்காரியாகத் திரும்பி வந்தார். புதுக் கட்டைப் பிரித்துத் தண்டுகளை எண்ணினார்: நாற்பது. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். கொண்டியைப் போட்டு, பெட்டியின் விளிம்பு முழுக்க ஒட்டுநாடா ஒட்டி, நாலு மூலையிலும் கையெழுத்துப் போட்டார்.

"சாயங்காலம் நாப்பதும் இருக்கும். எண்ணிக் காட்டறேன். அதுக்கப்பறம் பாப்பாகிட்ட நீங்களே உண்மையச் சொல்லிடுங்க. கெட்டுப்போன கீரையக் குடுத்துட்டேன், அதனால போச்சுன்னு. அது போதும். மீதி உங்க கற்பனை."

மதியம் முழுக்க இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். உறுமல் ஏறியது. நின்றது. அம்மாள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்ரஸருக்குக் கேட்டது. கேட்கிறது என்று சொல்லவில்லை. யார் நம்புவார்கள்?

அவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

மகளும் மருமகனும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்க, பேத்தி செருப்போடு பின்னறைக்கு ஓடினாள். பஞ்சுவை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். கையில் கேரட் தழை, வழியில் எங்கோ வாங்கியது. கண் வீங்கியிருந்தது.

"தாத்தா."

"கண்ணு." அவர் எழுந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காரு."

"இதை முதல்ல உள்ள வெச்சுடறேன். வாடிடும்."

"நான் வெக்கறேன். குடு."

அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். விளக்கு எரிந்தது. குளிர் தரையில் இறங்கியது. ஒட்டுநாடா அப்படியே இருந்தது. நாலு கையெழுத்தும்.

கருக் கருக் கருக்.

பஞ்சு அவள் கையில் விறைத்தது.

அம்மாள் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். அவர் முகத்தைக் கம்ப்ரஸர் பார்த்தார். அம்மாளுக்கும் கேட்டுவிட்டது.

"உள்ள யாரு?" என்றாள் குழந்தை.

 அவள் முட்டி போட்டாள். பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டாள். கேரட் தழையில் ஒரு தண்டைப் பிரித்து, பெட்டி முகப்பின் ஓட்டையில் நுழைத்தாள்.

தண்டு நின்றது.

நடுங்கியது.

உள்ளே போகத் தொடங்கியது. மெல்ல. ஓர் அங்குலம். கருக் கருக். இன்னோர் அங்குலம்.

"மிளகு இப்படித்தான் சாப்பிடும்" என்றாள் அவள், பயமே இல்லாத குரலில். "தண்டுலேருந்து. பஞ்சு இலையத்தான் முதல்ல கடிக்கும்."

பிறகு கம்ப்ரஸரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தாத்தா. உள்ள வெச்சப்ப உயிரோட இருந்துச்சா?"

அவர் வாயைத் திறந்தார். லட்சம் கதை சொன்ன வாய். ஒன்றும் வரவில்லை. உண்மையும் வரவில்லை.

அம்மாள் பேத்தியின் பக்கத்தில் முட்டி போட்டார். ஒட்டுநாடாவை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை விரலால் தடவினார். எங்கும் விடுபடவில்லை. பெட்டியின் முகப்பில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையைச் சட்டென்று எடுத்தார். நான்கு டிகிரிப் பெட்டி சூடாக இருந்தது.

"இருந்துச்சு கண்ணு" என்றார், அவரைத் திரும்பிப் பார்க்காமல். "ராத்திரி பூரா உயிரோடதான் இருந்துச்சு. தாத்தா என்கிட்ட சொன்னார். நான்தான் நம்பல. எல்லாம் நடந்துச்சு."

தண்டு தீர்ந்தது. இலை தீர்ந்தது. குழந்தை விரலை எடுக்கவில்லை. ஓட்டையின் இருட்டிலிருந்து, ஈரமாக, பிளந்த ஒரு மேலுதடு வெளியே வந்து, அந்த விரல் நுனியை மெல்ல முகர்ந்தது.