நடுக்குழிப் பணியாரம்

விடிந்தால் மெர்டேக்கா, மலேசியாவின் சுதந்திர நாள். காஜா பெராங் திடலில் கொடியேற்றம் முடிந்ததும் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்புப் பணியாரம் உண்டு. அதை யார் செய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

"எங்கம்மா செய்யட்டும், மாமா!" என்று தேநீர்க்கடை சிஹாபுதீனிடம் கேட்டு வைத்தவள் கோகிலா. பலகாரப் பொறுப்பு அவருடையது. "மாதிரி கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார். கோகிலாவோ அதற்குள் வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். அவள் வாய் சும்மா இருந்தால்தானே!

மாலையில் அம்மா பாக்கியலட்சுமியும் கோகிலாவும் தட்டோடு கடைக்கு வந்தார்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு பணியாரம். அடுக்கியது கோகிலா.

சிஹாபுதீன் ஒவ்வொரு வரிசையிலும் தம் கைக்கு எட்டிய கடைசிப் பணியாரத்தைத் திருப்பிப் பார்த்து, அங்கேயே வைத்தார். ஐந்துக்கும் அடி கருகியிருந்தது.

"அலாமாக்! தட்டு முழுக்கத் தீய்ஞ்சு போச்சே, தங்கச்சி. பிள்ளைங்க வாயில வைக்குமா?"

அம்மாவின் முகம் வாடிப்போனது. கோகிலா கருகிய ஐந்தையும் உற்றுப் பார்த்தாள். எல்லாம் வரிசையின் கடைசி!

"மாமா, எங்க பணியாரக்கல்லுல ஏழு குழி. சுத்தி ஆறு, நடுவுல ஒண்ணு. நடுவுலதான் சூடு அதிகம். அதைக் கடைசியா எடுத்து, வரிசைக் கடைசியில வெச்சேன். நீங்க பார்த்த அஞ்சும் நடுக்குழி!"

"சரி, இப்ப நல்லதாப் பொறுக்கி எடுத்துக் காட்டப் போற, அதானே?"

"நான் தொடவே மாட்டேன். நீங்களே முதல்ல இருந்து எண்ணி, ஒவ்வொரு அஞ்சாவதா எடுங்க. வரிசை முடிஞ்சாலும் நிறுத்தாம, அடுத்த வரிசையில தொடர்ந்து எண்ணுங்க. ஏழு குழியிலயும் ஒவ்வொண்ணு வந்துடும்."

கடையில் நல்ல கூட்டம். அவருக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆனாலும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒவ்வொரு தடவையும் விரல் வரிசையின் வேறு வேறு இடத்தில் நின்றது. எடுத்த ஆறும் பொன்னிறம். ஏழாவது தடவை மட்டும் தட்டின் கடைசிக் கருகலில் போய் நின்றது.

"ஏழுல ஒண்ணுதான் கருகல்!" என்றார் சிஹாபுதீன், கண்ணை அகல விரித்து.

"ஆமா, மாமா. அதுவும் இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நாளைக்கு நடுக்குழியில மாவு ஊத்தாதீங்க, தங்கச்சி. திடலுக்கு உங்க பணியாரம்தான்."

"ரொம்ப நன்றிண்ணே" என்றார் அம்மா. வீடு வரும்வரை கோகிலாவின் கையை விடவே இல்லை.

மறுநாள் கொடி ஏறியது. "மெர்டேக்கா!" என்று கத்திய வாய்களெல்லாம் சற்று நேரத்தில் பணியாரத்தை மென்றுகொண்டிருந்தன.

கோகிலா ஒரு வாழையிலைத் துண்டை சிஹாபுதீனிடம் நீட்டினாள். அதில் ஒரே ஒரு பணியாரம்.

"நடுக்குழிப் பணியாரம், மாமா. இளம் சூட்டுல அம்மா தனியாச் சுட்டாங்க. அத்தனை வேலையிலயும் எங்களுக்காக எண்ணிப் பார்த்தீங்களே, அதுக்கு!"

சிஹாபுதீன் இந்தத் தடவை அடியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.