இரண்டரை நொடி தூரம்

படகு மறுபடியும் வட்டமடித்தது.

வலப்பக்கத் துடுப்பு அமலியின் கையில், இடப்பக்கத் துடுப்பு அவள் கணவன் ததேயுவின் கையில். ததேயு இருந்ததோ நிலவில், ஒரு பனிச் சுரங்கத்தில். அவள் வலித்த சேதி ஒளியாகப் போய்ச் சேர்ந்து, அவன் வலித்த சேதி திரும்பி வருவதற்கு இரண்டரை நொடி. அதற்குள் படகு பாதி சுற்றிவிடும். கீழே வெண்மேகங்கள் பொங்கிப் பொங்கி அடங்கின.

"ஏங்க, வலிங்க!"

இரண்டரை நொடி.

"வலிக்கத்தான செய்யுதேன்!"

அமலி சிரித்துக்கொண்டே காட்சிக் கண்ணாடியைக் கழற்றினாள். மேகம் மறைந்து, தூத்துக்குடியில் இசக்கிராஜின் கணினிக் கடை வந்தது.

வீட்டுக் கணினியின் பழைய செயலிச் சில்லு போன வாரம் உயிரை விட்டிருந்தது. துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டி முடித்த கையோடு, விளையாட்டுக் கணினிக்குப் புதிது வாங்க வந்திருந்தாள். இரண்டு வருடமாக இந்த மேகப் படகில்தான் அவர்கள் குடித்தனம். போனில் பேசினால் பேச்சும் பேச்சும் முட்டிக்கொண்டு சண்டையில் முடியும்.

இசக்கிராஜ் இரண்டு சில்லுகளை மேசையில் வைத்தார். ததேயுவோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"இப்ப நீங்க ஓட்டிப் பாத்தது முகில் ஒன்பது. இது முகில் ஒன்பது யூ. ஒரே அச்சு, ஒரே வேகம், ஒரே சூடு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது மதினி."

"பின்ன என்னத்துக்கு ரெண்டு?"

"யூன்னா யூகம். ததேயு அடுத்து என்ன செய்வான், என்ன சொல்லுவான்னு அவன் பழைய ஆட்டத்தையெல்லாம் வச்சு முன்னாலயே கணிச்சுக் காட்டிரும். நெசமான சேதி வந்ததும், தப்பிருந்தா திருத்திக்கிடும். மொகத்துல ஒரு சின்ன அலை ஓடும், அவ்வளவுதான்."

"அடிக்கடி தப்பு வருமோ?"

"உங்க வீட்டுக்காரன் புதுசா என்னத்தப் பேசிறப் போறான்? பள்ளிக்கூடத்துல இருந்தே மொத்தம் நாலு வார்த்ததான்."

செயலியை மாற்றி மாட்டினார். இந்த முறை படகு மேகத்தைக் கிழித்துக்கொண்டு நேராகப் போனது. "அங்க பாருங்க, ஒரு கறுப்பு..." என்று அவள் தொடங்கும்போதே, "பாத்துட்டேன்" என்றான் ததேயு. மூன்று லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் சட்டென்று காணாமல் போய், அவன் தோள் அவள் தோளில் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

யூவையே வாங்கினாள்.

ஆறு மாதம் கனவுபோல மிதந்தது. மாலை வெயில் மேகங்களுக்கு மஞ்சள் பூசும். "குளிருதா? சேலையப் போத்திக்கோ" என்பான். பேசுவதற்கு ஒன்றுமில்லாத நேரத்திலும் அவன் எதையாவது சொல்லிக்கொண்டே வந்தான். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை.

வைகாசியில் அவன் ஒப்பந்தம் முடிகிறது. ஒரு நாள் அவள் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டே விட்டாள்.

"இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுராதீங்க. வந்துருங்க. தனியா என்னால முடியல."

"வந்துருதேன் அமலி."

உடனே சொன்னான். முகத்தில் அலை ஓடுகிறதா என்று அவள் உற்றுப் பார்த்தாள். ஓடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதம் முழுக்கச் சிரித்தபடியே இருந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலவிலிருந்து கடிதம் வந்தது.

"அமலி, அன்னைக்கு நீ வரச் சொன்னப்ப எனக்கு வாயே வரல. அசையாம உக்காந்திருந்தேன். கோவப்படுவன்னு பயந்தேன். நீயோ கண்ணத் தொடச்சிட்டு சிரிச்ச. பிறகு அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. சொல்லாமலே என்னைப் புரிஞ்சுக்கிட்ட. நாளைக்குக் கையெழுத்துப் போடுதேன்."

அமலி கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். கடிதத்தைப் படித்த இசக்கிராஜ் தலையைச் சொறிந்தார்.

"சேதி வந்தாத்தான மதினி திருத்தும்? அவன் சும்மா இருந்தா அங்க இருந்து ஒண்ணும் வராது. ஒண்ணும் வரலன்னா திருத்தவும் ஒண்ணும் இல்ல."

"அப்ப 'வந்துருதேன்'னது யாரு?"

"செயலி." அவர் குரல் தணிந்தது. "அவன் பேசினதையெல்லாம் கூட்டிக் கழிச்சு, இதத்தான் சொல்லுவான்னு கணிச்சிருக்கு."

அமலி நாற்காலியில் அமர்ந்தாள். சேலையைப் போர்த்திக்கொள்ளச் சொன்னது யார்? பேச்சற்ற நேரங்களில் பேசிக்கொண்டே வந்தது யார்? ஆறு மாதத்து அன்பில் எது அவனுடையது, எது சில்லுடையது என்று பிரித்தெடுக்க அவளுக்கு வழியில்லை.

"யூ இல்லாத மத்ததையே மாட்டிக் குடுங்க," என்றாள்.

படகு உடனே வட்டமடிக்கத் தொடங்கியது. பக்கத்தில் ததேயு இருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், கன்னத்தில் சவரம் செய்யாத முடி. இதையெல்லாம் அவள் எப்படிப் பார்க்காமல் போனாள்?

"அந்த 'வந்துருதேன்' நீங்க சொன்னதுன்னு நெனச்சுத்தான் சிரிச்சேன். செயலி சொல்லியிருக்கு. இப்ப உங்க வாயால சொல்லுங்க. வருவீங்களா, மாட்டீங்களா?"

ஒன்று. இரண்டு. இன்னும் அரை.

அவன் நிமிர்ந்தான். கேட்டுவிட்டான். உதடு பிரிந்து மூடியது.

நான்கு. ஐந்து.

நிலவுக்கு உரிய நேரம் தீர்ந்துபோயிற்று. இனி ஓடும் நொடிகள் முழுக்க அவனுடையவை. அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் துளியும் தெரியவில்லை. துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு, வெகுநாள் கழித்து ஊருக்கு வந்த ஆளைப் பார்ப்பது போல அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.