பழைய லைனை வெட்டச் சொன்னவள்

மோடத்தைக் கழற்றி அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பழைய இன்டர்நெட் கம்பெனிக்காரப் பெண் போனில் அப்படிச் சொன்னாள்.

"மேடம், உங்க லைன்ல இப்ப யாரோ பேசிட்டிருக்காங்க. பேச்சு ஓடறப்ப கனெக்ஷனைக் கட் பண்ண சிஸ்டம் விடாது. அவங்க முடிச்சதும் சொல்லுங்க, உடனே எடுத்துடறோம்."

"யாரு பேசறது? இந்த வீட்ல நான் ஒருத்திதான். லேண்ட்லைன் போனே கிடையாது."

"சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது மேடம்."

"எத்தனை நேரமா பேசறாங்களாம்?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஆரம்பிச்ச தேதி வரல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

"இதுவரைக்கும் பண்ணின உதவியே தாங்கல," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவள் அதை நம்பவில்லை. விட்டுப் போகிற வாடிக்கையாளரை விடாமல் பிடித்து வைக்க இவர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பது இந்த ஒரு வாரத்தில் அவளுக்கு அத்துப்படி. முதலில் பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள். அப்புறம் ஏன் போகிறீர்கள் என்று ஏதோ கோபித்துக்கொண்டு போகிற மனைவியிடம் கேட்பதைப் போல் கேட்டார்கள். அப்புறம் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்தார்கள். இது புதுப் பொய். அவ்வளவுதான்.

பொய்யோ நிஜமோ, இன்று இரவுக்குள் புதுக் கம்பெனியின் ஃபைபர் லைன் வந்தாக வேண்டும். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ரெக்கார்டரில் முணுமுணுப்பதையெல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. மழை தூறினாலே பழைய செம்புக் கம்பி படுத்துவிடும். பாதி ரிப்போர்ட்டில் லைன் போய்விடும். மொபைல் டேட்டாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. இன்றைய ஷிஃப்டிலும் இப்படி ஆனால் இனி வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலை போனால் இந்த வீட்டு வாடகை போகும். வாடகை போனால் அண்ணன் வீட்டுப் பின்னறை. அண்ணன் அந்த அறையில் ஏற்கெனவே கட்டில் போட்டு வைத்திருக்கிறான். "நீ முரடு. முட்டி மோதிட்டு இங்கதான் வந்து நிப்ப, பாரு," என்று சொல்லித்தான் போட்டான்.

அந்தக் கட்டிலில் படுப்பதற்குப் பதில் அவள் தெருவில் படுப்பாள்.

சாயங்காலம் வானம் கருக்கும் நேரத்துக்கு ஃபைபர்காரர் வந்தார். தோளில் மஞ்சள் கேபிள் சுருள், இடுப்பில் குறடுகள். தெருப்பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் பழைய சாக்கெட்டைக் கழற்றி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சுவருக்குள் புதைத்த குழாய், அதற்குள் ஒரே ஒரு கறுப்பு ஒயர், கீழே தெருவரைக்கும்.

"புது ஓட்டை போடக் கூடாதுன்னு கீழ வாட்ச்மேன் சத்தம் போடறார்க்கா. இந்தக் குழாய்லயே விட்டுடலாம். பழைய ஒயர்தான் நமக்குக் கயிறு. நான் கீழ தெருப் பெட்டியில இதோட வால்ல ஃபைபரைக் கட்டிடறேன், நீங்க மேல இருந்து இழுங்க. பழசு வெளிய வர வர, புதுசு உள்ள வந்துடும்."

"நானா இழுக்கணும்?"

"கூட வர ஆளு மட்டம் போட்டுட்டான். நான் சொன்னதும் மெதுவா இழுங்க, போதும். கண்ணாடி இழை, வெடுக்குன்னு இழுத்தா உடைஞ்சிடும்." கதவருகே நின்று திரும்பினார். "பழைய லைனை வெட்டிட்டாங்கல்ல? ஓடற லைனை நாங்க உருவ மாட்டோம்க்கா. எங்க தொழில்ல அது ஒரு பழக்கம்."

"எப்பவோ வெட்டியாச்சு தம்பி," என்றாள். பொய் சொல்லும்போது அவளுக்குக் கண் இமைக்காது.

அவர் படியிறங்கிப் போனார். மழை பிடித்துக்கொண்டது, கூடவே, எப்போதும்போல் அரை மணி நேரத்துக்கு, கரண்ட் போனது. அறை சாம்பல் நிறத்துக்கு மாறியது. மின்விசிறி தன் கடைசிச் சுற்றைச் சோம்பலாகச் சுற்றி நிற்க, ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் வழிகிற ஓசையும் மேல்வீட்டுக்காரர் நாற்காலி இழுக்கிற ஓசையும் ஒவ்வொன்றாக அடங்க, அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து மட்டும் ஒரு வாசனை மெல்லப் பரவியது. நெடுநாள் மூடிக் கிடந்த டெலிபோன் ரிசீவரை வாயருகே வைத்தால் வருமே, பழைய எச்சிலும் தூசியும் கலந்த வாசனை, அது.

அவள் ஓட்டையருகே சப்பணமிட்டு உட்கார்ந்து ஒயரைக் கையில் பிடித்தாள்.

ஒயர் வெதுவெதுப்பாக இருந்தது.

பல வருடம் ஹெட்போனில் பிழைத்த காது அவளுடையது. முணுமுணுப்புக்குள் முணுமுணுப்பைப் பிரித்தெடுக்கும். இப்போது குழாய்க்குள் ஒரு மூச்சு கேட்டது. டாக்டர்கள் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் விடுகிற மூச்சு மாதிரி, பேசப் போகிறவரின் மூச்சு. காற்று, என்று சொல்லிக்கொண்டாள். குழாய் என்றால் காற்று வரத்தான் செய்யும்.

ஷிஃப்டுக்கு நேரம் நெருங்கியது. கீழேயிருந்து போன் வரவில்லை. ஒயரோ தொளதொளவென்று இருந்தது. கட்டியிருப்பார், சொல்ல மறந்திருப்பார். அவள் இழுக்க ஆரம்பித்தாள்.

வந்தது. வெண்ணெயில் கத்தி போல வந்தது. கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். மடியில் விழுந்து, தரையில் விழுந்து, சுருள்மேல் சுருளாகக் கறுப்பாகக் குவிந்தது. மூன்றாவது மாடி. தெருவுக்கு எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது? குவியல் அவள் முழங்காலை மூடியது. மஞ்சள் இழை வரவில்லை. ஒயர் இப்போது சூடாக இருந்தது, கொஞ்சம் ஈரமாகவும்.

போன் போட்டாள். "தம்பி, வந்துக்கிட்டே இருக்கு. உங்க ஃபைபர் எப்ப வரும்?"

"எது வருது?" மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "நான் இன்னும் கட்டவே இல்லக்கா. பெட்டிப் பூட்டு துருப்பிடிச்சு இப்பத்தான் திறந்துச்சு."

"ஒயர் வருதுப்பா. ரூம் பாதி ஒயர்தான்."

"ஒயரோட வால் என் கையில இருக்குக்கா," என்றார் அவர். "அசையவே இல்ல."

அவள் இழுப்பதை நிறுத்தினாள்.

ஒயரும் நின்றது.

பிறகு, அவள் தொடாமலே, குவியலின் மேல்சுருள் ஒன்று நெளிந்து நிமிர்ந்து ஓட்டைக்குள் போனது. அடுத்த சுருள். நிதானமாக. அவள் இழுத்த அதே வேகத்தில், கைமாற்றிக் கைமாற்றி இழுக்கும்போது விழுகிற அதே சின்ன இடைவெளியோடு.

எழுந்து ஓட அவள் கால்கள் தயாராயின. வாசல் பத்தடியில். அதைத் தாண்டினால் படி, தெரு, அண்ணன் வீடு, கட்டில்.

"போடா," என்று ஓட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஓடுகிற ஒயரை எட்டிப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

போன் அடித்தது. தரையில் கிடந்ததை முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், உங்க லைன்ல பேசிட்டிருந்தாங்களே, அவங்க உங்ககிட்ட பேசணும்கறாங்க. கனெக்ட் பண்ணவா?" பழைய கம்பெனிக்காரப் பெண். அதே சர்க்கரைக் குரல்.

"பண்ணாதே. லைனை வெட்டு."

"அவங்க வேண்டாம்கறாங்க மேடம்."

"கனெக்ஷன் யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான்."

"அப்ப அவங்க யாரு வேண்டாம்கறதுக்கு? வெட்டுன்னா வெட்டு!"

கீபோர்டு தட்டும் சத்தம். ஒயர் மணிக்கட்டில் இறுகியது.

"வெட்டியாச்சு மேடம். எங்க பக்கம் விட்டாச்சு." அந்தப் பெண் முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "இனிமே அவங்க பிடிச்சுக்க உங்க பக்கம் மட்டும்தான் இருக்கு. எங்க சேவையைப் பயன்படுத்தினதுக்கு நன்றி."

வெடுக்.

கன்னம் சுவரில் மோதியது. வாயில் இரத்தம். மொத்தக் குவியலும் மணிக்கட்டுச் சுற்றில் வழுக்கி, சரசரவென்று அவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே ஓடி முடிந்தது. இனி ஓட்டைக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு முழம்தான்.

மறுபடி போன். ஃபைபர்காரர். "அக்கா, என் கையில இருந்த வால் அறுந்து விழுந்துடுச்சு. நான் ஒண்ணும் பண்ணலக்கா. நீங்க விட்டுடுங்க. விட்டுட்டுக் கீழ வாங்க."

"வெளிச்சுவர்ல பாருங்க தம்பி. யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல. வெறும் சுவர். மழைதான்."

"சரி. நீங்க ஃபைபரைத் தயாரா வைங்க. நான் இதை வெளியே எடுத்துட்டுக் கூப்பிடறேன்."

"அக்கா..."

"எட்டு மணிக்கு எனக்கு ஷிஃப்ட் இருக்குப்பா."

மல்லாந்து சாய்ந்தாள். இரண்டு கால்களையும் தூக்கி, ஓட்டைக்கு இருபுறமும் சுவரில் அகல ஊன்றினாள். பல்லைக் கடித்தாள். இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. தோள் கிறீச்சிட்டது. விரல்கள் நீலம். விடவில்லை. ஒரு விரற்கடை ஒயர் வெளியே வந்தது. அரை விரற்கடை உள்ளே போனது. மறுபடி ஒரு விரற்கடை வெளியே.

"வா," என்றாள். "வெளிய வா. பாத்துடலாம்."

மூச்சு நின்றது. குழாய்க்குள் இருந்த மூச்சு.

உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது. சுவர் அவள் பாதங்களுக்குக் கீழே வெதுவெதுப்பாகி, மெல்ல மெல்ல அவளை நோக்கிப் புடைத்தது. முதலில் குதிகால். பிறகு பாதத்தின் ஓரம். பிறகு ஒவ்வொன்றாக விரல்கள், ஐந்தும், அவள் விரல்களுக்கு நேராக. அந்தப் பக்கத்திலும் யாரோ மல்லாந்து சாய்ந்து, சுவரில் கால் ஊன்றியிருந்தார்கள்.

அவள் ஒயரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

சுவருக்குள் அந்தக் கால்விரல்கள் விரிந்து, நன்றாகப் பிடிமானம் பார்த்து, ஊன்றின.