துபாய்க்குப் போகாத தும்மல்காரன்

மழை... காவிரிப் பாலத்தின் நடுவே பஸ் அசையாமல் நின்றது. சத்திரம் பஸ் நிலையத்தில் ஏறிய இர்பானா ஜன்னலைச் சாத்திவிட்டு, கைபேசியில் தன் தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள். சாயங்காலத்துக்குள் பத்திரிகைக்கு அனுப்பியாக வேண்டும்.

அப்போதுதான் முன் சீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டது. முதலில் குக்கர் தவிப்பதுபோல் உஸ்ஸென்று ஒரு மூச்சு... பிறகு பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி ஒரு வெடிப்பு.

ஐயோ... இவனா?

இந்தச் சிரிப்பை மறந்தால்தானே. பி.காம். படித்தபோது விருப்பப் பாடமாக அவள் கேட்டது டிஜிட்டல் மார்க்கெட்டிங். பதிவு செய்கிற நேரம் பார்த்து நெட் சுற்றிக்கொண்டே இருக்க, மிச்சமிருந்தது காளான் வளர்ப்பு ஒன்றுதான்.

"காந்தி மார்க்கெட்ல கூடை கூடையா கிடக்கு. அதைப் போயி படிக்கணுமாம்மா?" என்று அத்தா பரக்கத் அலி பரிதாபப்பட்டார்.

காளான் வளர்க்கும் பை ஒன்றுக்கு இருவர் என்று பானுமதி மேடம் ஜோடி சேர்த்தார். இர்பானாவுக்கு வாய்த்தவன் பாசில். இயற்பியல் மாணவன், பெரிய கண்கள், ஓயாத தும்மல். பையில் காளான் வளர்வதை தினமும் எழுத வேண்டும். இர்பானா எழுதினாள்: 'இன்று காளான் எட்டிப் பார்த்தது. பாசில் தும்மினார். பிறகு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டது.'

மேடம் அதை வகுப்பில் வாசித்தார். எல்லோரும் முழிக்க, பாசில் மட்டும் வெடித்துச் சிரித்தான்.

கேலி செய்கிறான்... மறுநாளே அவள் பெஞ்சு மாறினாள். அதன்பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம்தான் விடாமல் வாராவாரம் எழுதவைத்து, கல்லூரி மலரில் போட்டார். அங்கே பிடித்த பேனா இன்று ஒரு வார இதழில் நகைச்சுவைத் தொடராக ஓடுகிறது. நாயகன் பூவரசன் ஓயாமல் தும்முவான், வாரம் தவறாமல் எங்காவது விழுவான். பழிவாங்க எழுத்தாளருக்கு வேறென்ன வழி? கடைசி அத்தியாயத்தில் அவனைத் துபாய்க்கு விமானம் ஏற்றி, ஒரேயடியாகத் தலைமுழுகிவிட நினைத்திருந்தாள்.

முன் சீட்டுக்காரன் திரும்பினான். கண்கள் இன்னும் பெரிதாயின... இமையில் ஒரு மழைத்துளி. பாழாய்ப்போன நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

"எழுத்தாளரே... நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். மடியில என்ன பெட்டி?"

"காளான். காட்டூர்ல ஷெட் போட்டிருக்கேன். ஸ்ரீரங்கத்துல ஒரு ஹோட்டலுக்குக் கொண்டுபோறேன். ஆசைப்பட்டு படிச்ச ஃபிசிக்ஸ் கைவிட்டுருச்சு... வேண்டாவெறுப்பா உட்கார்ந்த கிளாஸ் சோறு போடுது." தன் கைபேசியைக் காட்டினான், அதில் அவளுடைய தொடர். "இந்தப் பூவரசன் நான்தானே? போன வாரம் தெப்பக்குளத்துல தள்ளிவிட்டுட்டீங்க."

"அதெல்லாம் கற்பனை."

"என் செருப்புல அறுந்த வார் கூடவா?"

இர்பானா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். அவ்வளவு கவனித்தது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"அன்னைக்கு எதுக்குச் சிரிச்சீங்க? அத்தனை பேர் முன்னாடி..."

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அவ்வளவு நல்லா இருந்துச்சுங்க. அதைச் சொல்ல வர்றதுக்குள்ள நீங்க பெஞ்சு மாறிட்டீங்க. அப்புறமும் வந்தேன்... கிட்ட வந்தாலே தும்மல். பதற்றமானா எனக்கு அப்படித்தான்."

இர்பானா கைபேசியில் திறந்திருந்த அத்தியாயத்தைப் பார்த்தாள். எதை எழுதினாலும், இந்த இடத்தில் யாராவது அப்படிச் சிரிப்பார்களா என்று ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பாள். அந்த யாராவது இவன்தான். இத்தனை காலம் இவனுக்காகத்தான் எழுதியிருக்கிறாள்.

"இந்த வாரம் பூவரசன் துபாய் போறான்" என்றாள் மெதுவாக.

பாசிலின் முகம் வாடியது. "போயே ஆகணுமா?" மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "அவனுக்கு இங்க ஒருத்தங்களைப் பிடிச்சிருக்குங்க... காளான் பைக்கு முன்னாடி ஒண்ணா உட்கார்ந்த நாள்லேருந்தே."

மழை விட்டிருந்தது. பஸ் நகர்ந்தது. இர்பானா விமானத்தை ஒவ்வொரு வரியாக அழித்தாள்.

"அனுப்பலை... இங்கேயே வச்சுக்கறேன்" என்றாள், காவிரியைப் பார்த்தபடி.

"பூவரசனையா?"

"உங்களைத்தான்."

பாசில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்... தும்மினான். இந்த முறை பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தவள் இர்பானா.