தொண்ணூற்று நான்கு முக்கோணங்கள்

சீட்டை விரித்துப் பார்த்ததும் அனற்றின் முகம் புளிமாங்காயைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது.

சீட்டில் 'கண்டி' என்று எழுதியிருந்தது. அவள் பிறந்த ஊர், வளர்ந்த ஊர், வகுப்பறை ஜன்னலால் எட்டிப் பார்த்தால் தெரிகிற ஊர். வேறு நேரமாக இருந்தால் மகிழ்ந்திருப்பாள். ஆனால் இது வரலாற்றுக் கண்காட்சி. தலைப்பு, 'நகரைக் காத்த மதில்கள்'.

இராஜகுமாரி டீச்சர் ஆறாம் தரத்துப் பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்திருந்தார். ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். ஒரு குழுவுக்கு யாழ்ப்பாணம் கிடைத்தது, ஒரு குழுவுக்குத் திருகோணமலை. ஷிராஸின் குழுவுக்குக் காலி. அனற், லூக்காஸ், பஸ்லினா மூவருக்கும்தான் கண்டி.

ஷிராஸ் கதிரையில் ஏறி நிற்காத குறை.

"காலிக் கோட்டையில பதினாலு கொத்தளம் இரிக்கி, தெரியுமா? மதில் மூல மூலயா வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். அங்க இருந்துதான் பீரங்கி சுடுற! ஒங்களுக்கு என்ன இரிக்கி? கண்டியில மதிலே இல்ல. வெறும் மேசயத்தான் வைக்கணும்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. அனற்றுக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது சீண்டினால் யோசிக்கும் முன்னே பதில் வந்துவிடும்.

"யாரு சொன்னா இல்லைன்னு? லேக் ஓரமா வெள்ளையா ஒரு மதில் இருக்கே, அது என்னவாம்? அதுதான் எங்க கோட்டை மதில். ஒங்களோடத விட அழகு!"

ஷிராஸ் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த மதிலை யார்தான் பார்க்கவில்லை? கண்டி வாவிக் கரையில் அலை அலையாக வளைந்து, முக்கோண ஓட்டைகளோடு நிற்கும் மதில். தினமும் பாடசாலை வேன் அதைத் தாண்டித்தான் வருகிறது.

"சரியாச் சொன்ன அனற்! நானே செஞ்சு தாறேன்" என்றான் லூக்காஸ்.

லூக்காஸின் கை ஒரு பொருளைத் தொட்டால் சும்மா விடாது. முட்டை அட்டைகளை ஊறவைத்துக் கூழாக்கி, பசை கலந்து, பத்து நாளில் ஒரு மதிலை எழுப்பிவிட்டான். அனற்றின் கையை நீட்டினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். மேகம் போன்ற வளைவுகள் ஒன்றும் தப்பவில்லை. ஒவ்வொரு முக்கோண ஓட்டையையும் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டினான். மொத்தம் தொண்ணூற்று நான்கு. பெருவிரலில் கொப்புளம் வந்துவிட்டது. அதையும் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டினான்.

பஸ்லினா பெயர்ப்பலகை எழுதினாள். 'எதிரிகளைத் தடுத்த கண்டிக் கோட்டை மதில்'. சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம்.

கண்காட்சி புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் வம்பு வந்தது.

தேவாலயத்தில் பூசை முடிந்து அனற் அம்மாவோடும் தம்பியோடும் வாவிக் கரையில் நடந்துகொண்டிருந்தாள். தம்பி எஸ்ரனுக்கு நான்கு வயது. கையில் கடலைச் சுருள் இருந்தும் கால் சும்மா இருக்கவில்லை. அம்மா பியட்றிஸ் தெரிந்தவர் ஒருவரோடு பேச நின்ற அரை நிமிடத்தில், அவன் வெள்ளை மதிலில் ஏறிக் குதிரைச் சவாரி போக ஆரம்பித்துவிட்டான்.

"எஸ்ரன்! எறங்குடா! பொலிஸ்காரர் வருவாரு!" என்று அம்மா ஓடினார்.

அனற் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று மதிலைப் பார்த்தாள். இதுவரை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் பார்ப்பது வேறு, யோசித்துப் பார்ப்பது வேறு.

எஸ்ரன் ஏறுகிற மதிலில் எதிரி ஏற மாட்டானா?

அவள் பக்கத்தில் போய் நின்றாள். மதில் அவளுடைய தோள் உயரம்கூட இல்லை. முக்கோண ஓட்டைக்குள் கையை விட்டாள். கை மறுபக்கம் போய்த் தண்ணீர்ப் பக்கமாக ஆடியது. அம்பு வரும் மதிலில் இவ்வளவு ஓட்டை எதற்கு? அதோடு மதில் நகரத்தைச் சுற்றி வரவும் இல்லை. வாவியோடு கொஞ்ச தூரம் போய் நின்றுவிடுகிறது.

"அம்மா, இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?"

"விளக்கு வைக்கிறதுக்குன்னு சொல்வாங்க. கடைசி ராசா அழகுக்காகக் கட்டினதாம். கட்டி முடிக்கக்கூட இல்லையாம்" என்றார் அம்மா, எஸ்ரனின் காற்சட்டையைத் தட்டிக்கொண்டே.

அனற் ஓட்டைக்குள்ளிருந்து கையை இழுத்துக்கொண்டாள். அப்படியென்றால் அது கோட்டை மதிலே இல்லை. வகுப்பு முழுவதும் கேட்கும்படி அவள் சொன்னது தவறு. அந்தத் தவறை நம்பித்தான் லூக்காஸ் தொண்ணூற்று நான்கு ஓட்டை வெட்டியிருக்கிறான்.

திங்கட்கிழமை காலையில் முதலில் பஸ்லினாவிடம் சொன்னாள். பஸ்லினா அக்குறணையிலிருந்து வருபவள். எதையும் பதறாமல் கேட்பாள்.

"பேசாம இரிப்போமா?" என்றாள் பஸ்லினா. "யாருக்கும் தெரியாதே. லூக்காஸ் எவ்வளவு பாடுபட்டான். பாவம்."

பேசாமல் இருப்பது எவ்வளவு சுகம்! அனற் முதலாம் பாடவேளை முழுவதும் அந்தச் சுகத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண்காட்சிக்கு வருகிற சின்னப் பிள்ளைகள் அந்தப் பலகையை வாசிப்பார்கள். வாசித்ததை நம்புவார்கள், லூக்காஸ் நம்பியது போலவே. இரண்டாம் பாடவேளை முடிந்ததும் லூக்காஸிடம் போனாள்.

நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள். லூக்காஸின் காது சிவந்தது.

"நீதானே சொன்ன!"

"நான்தான் சொன்னேன். பார்க்காம, யோசிக்காம சொல்லிட்டேன். என் பிழைதான் லூக்காஸ்."

"அப்போ தூக்கி எறி! குப்பைக் கூடையில போடு! நான் வீட்டுக்குப் போறேன்!"

மணி பத்துகூட ஆகவில்லை, வீட்டுக்குப் போக முடியாது. மூன்றாம் பாடவேளைக்கு டீச்சரும் வரவில்லை. அதனால் அவன் மாமரத்தடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அனற்றுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். அழகுக்குக் கட்டிய மதில் கண்டியைக் காக்கவில்லை. சரி, பிறகு எது காத்தது? கப்பலில் வந்து கடலோரக் கோட்டைகளை எல்லாம் பிடித்த வெள்ளைக்காரர்களுக்குக் கண்டியை மட்டும் ஏன் அவ்வளவு காலம் பிடித்துவைக்க முடியவில்லை?

பதில் ஒரு பழைய தடித்த புத்தகத்தில் இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாமரத்தடிக்கு ஓடினாள். பஸ்லினாவும் பின்னால் வந்தாள்.

"லூக்காஸ், இதைக் கேளு. கண்டிக்குக் கல் மதில் தேவைப்படவே இல்ல. மலைதான் மதில். மகாவலி கங்கைதான் அகழி. பாலம் கட்டக் கூடாது, பாதையை அகலமாக்கக் கூடாதுன்னு ராசா கட்டளை போட்டிருக்காரு!"

லூக்காஸ் திரும்பவில்லை. ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"மலைப் பாதையில முள் கதவு வச்சிருக்காங்க. மேல ஒரு குறுக்கு மரம். அதுல முள்ளுக் கட்டைகளைக் கோத்துத் தட்டி மாதிரித் தொங்க விடுவாங்க. கீழே இருந்து தூக்கினாத்தான் தொறக்கும். காவல்காரர் தூக்கணும்னா, வாறவங்க களிமண் முத்திரை காட்டணும். வியாபாரிக்கு ஒரு முத்திரை, போர்வீரனுக்கு வேற முத்திரை. முத்திரை இல்லாட்டி அவ்வளவுதான்."

லூக்காஸ் மெதுவாகத் திரும்பினான்.

"எங்க மாமா வீடு மடுல்கெல்லயில" என்றான். "அங்க தேயிலைத் தோட்டத்துக்கு மேல ஒரு பாதை இருக்கு. ரெண்டு பேரு சேர்ந்து நடக்க ஏலாது. ஒருத்தன் நின்னா எல்லாரும் நிக்கணும்."

"அதேதான்!"

"சரி. ஆனா என் மதில்?"

"ஒன் மதில்ல ஒரு பிழையும் இல்ல. அச்சு அசல் அதே மதில். பலகைதான் பிழை" என்றாள் அனற். "மலை, கங்கை, முள் கதவு எல்லாம் தாண்டி உள்ள வந்தா நகரம். நடுவுல வாவி. வாவிக் கரையில ஒன் மதில். அது இல்லாட்டிக் கண்டி எப்படிக் கண்டியாகும்?"

லூக்காஸ் கொப்புளம் வந்த விரலை ஊதிக்கொண்டான். பிறகு, "மலைக்கு இன்னும் முப்பது முட்டை அட்டை வேணும்" என்றான்.

அடுத்த ஒன்றரை நாள் மூவரும் பம்பரமாகச் சுற்றினார்கள். அனற் தெருவில் உள்ள எல்லா வீட்டுக் கதவையும் தட்டி முட்டை அட்டை கேட்டாள். மூன்றாம் வீட்டுக்காரர், "கோழி வளர்க்கப் போறியா மகள்?" என்று கேட்டார். லூக்காஸ் மலைகளை எழுப்பினான். பஸ்லினா பழைய பலகையை எடுத்துவிட்டு, களிமண்ணில் முத்திரைகள் செய்தாள். வியாபாரி முத்திரையில் ஒரு மனிதன் காவடித் தடியில் இரண்டு பொதி சுமந்து போவான். முள்ளும் அவள்தான் கொண்டுவந்தாள். வீட்டுத் தேசிக்காய் மரத்தில் உம்மா வெட்டிக் கொடுத்த கொப்புகள். பத்திரிகையில் சுற்றித்தான் கொண்டுவந்தாள். இருந்தாலும் வேனில் பக்கத்தில் இருந்த பிள்ளை இரண்டு தடவை "ஆ!" என்றது.

புதன்கிழமை கண்காட்சி தொடங்கியது. காலி மேசையில் பதினான்கு கொத்தளமும் கம்பீரமாக நின்றன. ஷிராஸ் செய்த பீரங்கி பயறு சுட்டது. உண்மையாகவே சுட்டது. பாடசாலை அதிபரின் மூக்குக் கண்ணாடியில் ஒரு பயறு பட்டுத் தெறித்தது.

கண்டி மேசைக்கு முதலில் யாரும் வரவில்லை. தன் மேசையில் வேலை குறைந்ததும் ஷிராஸ்தான் வந்தான். கையில் பீரங்கி பூட்டிய சின்ன லொறி.

"எங்க ஒங்க கோட்டை மதில்?"

வகுப்பே பார்த்தது. அனற் எழுந்து நின்றாள்.

"நான் அன்னைக்குச் சொன்னது பிழை ஷிராஸ். லேக் மதில் கோட்டை மதில் இல்ல. கண்டியைக் காத்தது இதுதான்" என்று மலைகளைக் காட்டினாள். "ஏலுமின்னா ஒன் பீரங்கியை உள்ள கொண்டு போய்க் காட்டு பார்ப்போம்."

சிரிக்கக் காத்திருந்தவர்கள் சிரிக்க மறந்து மேசையைச் சுற்றிக் கூடினார்கள். ஷிராஸ் லொறியைக் கங்கைக் கரைக்குக் கொண்டுவந்தான். பாலம் இல்லை.

"பாலம் எங்க?"

"ராசா விடல்ல" என்றான் லூக்காஸ்.

ஷிராஸ் லொறியைத் தூக்கி மறுகரையில் வைத்தான். "ஆத்தைக் கடந்தாச்சு!" என்று அவனே அறிவித்தான். மலைப் பாதையில் தள்ளினான். முதல் வளைவிலேயே லொறி சிக்கியது. பாதை அவ்வளவு ஒடுக்கம். பீரங்கியைக் கழற்றிவிட்டு லொறியைத் தள்ளினான். அதுவும் போகவில்லை. கடைசியில் விரலையே போர்வீரனாக்கி நடக்க வைத்தான். விரல் நேராகப் போய் முள் கதவில் முட்டியது.

"அவுச்!"

இராஜகுமாரி டீச்சர் கிட்ட வந்து பார்க்கக் குனிந்தார். அவருடைய சேலைத் தலைப்பு இரண்டாவது முள் கதவில் மாட்டிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்துதான் எடுத்துவிட வேண்டியிருந்தது.

"இனி எனக்கு இந்தப் பாடத்தைப் புத்தகம் பார்க்காமலே படிப்பிக்கலாம்" என்றார் டீச்சர், தலைப்பைத் தடவிக்கொண்டே.

ஷிராஸ் விரலைச் சூப்பிக்கொண்டு நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது. அனற்றுக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு கிண்டல் வந்தது. அதை விழுங்கிவிட்டு, தட்டிலிருந்து ஒரு களிமண் முத்திரையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"பீரங்கியை வச்சிட்டு, வியாபாரியா வா. தொறந்து விடுறோம்."

ஷிராஸ் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நான் கறுவாப் பட்டை கொண்டு வாற" என்று சிரித்தான். பஸ்லினா முள் கதவைக் கீழிருந்து தூக்கினாள். விரல் நடந்தது. இரண்டாம் கதவு, மூன்றாம் கதவு, பிறகு நகரம்.

அதற்குப் பிறகு எல்லோரும் தங்களுக்கும் முத்திரை வேண்டும் என்றார்கள். வரிசை வகுப்பறைக்கு வெளியே மாமரம் வரை போனது. முதல் பரிசு காலிக்குத்தான் கிடைத்தது. பயறு சுடுகிற பீரங்கிக்கு யார்தான் பரிசு கொடுக்க மாட்டார்கள்? ஆனால் பரிசை வாங்கிய கையோடு ஷிராஸ் கண்டி மேசைக்கு ஓடிவந்து, வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டான்.

பின்னேரம், கூட்டம் குறைந்த நேரத்தில், முதலாம் தரத்துச் சிறுமி ஒருத்தி வந்தாள். அவளுடைய குட்டி விரல் மூன்று கதவும் தாண்டி நீலக் காகித வாவிக் கரைக்கு வந்து, வெள்ளை மதிலுக்கு முன்னால் நின்றது.

"அண்ணா, இந்த மதில் யாரைத் தடுக்க?"

அனற் திரும்பி லூக்காஸைப் பார்த்தாள்.

லூக்காஸ் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். டோர்ச்சை எடுத்து மதிலுக்குப் பின்னால் பிடித்து அழுத்தினான். தொண்ணூற்று நான்கு முக்கோணங்களும் ஒன்றாக எரிந்தன. வாவித் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர்கூட கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தார்.

"யாரையும் தடுக்க இல்ல தங்கச்சி" என்றான் லூக்காஸ். "இவ்வளவு தூரம் உள்ள வந்தவங்க பார்த்துச் சந்தோசப்பட."

சிறுமி இன்னொரு தடவை எரிக்கச் சொன்னாள். லூக்காஸ் ஏழு தடவை எரித்துக் காட்டினான்.